தங்கையின் நாலாவது டெஸ்ட்டும் பஹ்ரைனில் நான் ஏறிய வண்டிகளும்

பஹ்ரைன் ஒரு தீவு. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கடல் வந்துவிடும், ஆகவே அங்கே யாரும் தொலைந்து போக முடியாது. திருச்சியில் பெட்டி கட்டும்போது இதை என் மனைவியிடம் சொன்னேன். "கடல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அது பதில் சொல்லத் தகுந்த கேள்வியாக எனக்குப் படவில்லை.

நான் பேருந்துக் கழகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பஸ் ஓட்டியதில்லை. எந்த பஸ் எப்போது எங்கிருந்து கிளம்பவேண்டும் என்று அட்டவணை போடுகிற பிரிவு. பஸ் தாமதம் என்று யாராவது புகார் சொன்னால், பயணி சீக்கிரம் வந்துவிட்டார் என்று வாதாடுகிற ரகம். அதனால் மனாமாவில், குதைபியா பகுதியில் குடியிருக்கும் என் தங்கை வசந்தி, "எங்கயும் தனியா போகாதண்ணே, நான் டாக்ஸி சொல்றேன்" என்று போனில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணி நேரத்தில் மேலிருந்து கீழே போய்விடக்கூடிய நாட்டில் எனக்கு எதற்கு டாக்ஸி?

நான் போனதற்குக் காரணம் உண்டு. வசந்தி லேப் டெக்னீசியன். கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தவள். பஹ்ரைன் வந்தபின் வீட்டோடு இருந்துவிட்டாள். இப்போது ஒரு லேபில் கூப்பிட்டிருந்தார்கள்: வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வரும் வேலை. கார் ஓட்டத் தெரிய வேண்டும், லைசென்ஸ் வேண்டும். மூன்று முறை தேர்வு எழுதி, அதாவது ஓட்டி, தோற்றிருந்தாள். நாலாவது முறைக்குத் தேதி கிடைத்திருந்தது. இதிலும் தவறினால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் லேபில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவள் வீட்டுக்காரர் முரளிக்கு பக்கத்து நாடான சவுதியில், தம்மாமில் வேலை. வார நாட்களில் அங்கேயே ரூம், வியாழன் மாலை கடல்பாலம் தாண்டி வருவார். "தனியா இருந்து பயந்துக்கிறா மச்சான், நீங்க ரெண்டு வாரம் வந்து கூட இருந்தா தைரியமா இருக்கும்" என்று அவர்தான் டிக்கெட் அனுப்பினார்.

தைரியம் கொடுப்பதற்காக நான் போனேன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

போன மறுநாள் நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினேன். ஜனவரி மாதம், கொடைக்கானல் மாதிரி காற்று. குதைபியாவின் சின்னத் தெருக்களில் மலையாளி ஓட்டல், தையல்கடை, முடிவெட்டும் கடை என்று எல்லாமே கைக்கு எட்டுகிற தூரம். ஒரு தெருவைக் கடக்க நின்றேன். வந்த கார் ஒன்று எனக்காக நின்றது. எனக்குச் சந்தேகம் வந்தது. கார் எதற்காக நிற்கும்? முகவரி கேட்கப் போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். ஓட்டியவர் கையைக் காட்டினார். நானும் மரியாதைக்குக் கையைக் காட்டினேன். அவர் மறுபடி காட்ட, நான் மறுபடி காட்ட, அவருக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. கடைசியில் தையல்கடைக்காரர் வெளியே வந்து என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். திருச்சி பாலக்கரையில் ஓடுகிற பஸ்களுக்கு நடுவே புகுந்து கடந்து பழகிய கால்கள், நிற்கிற கார் முன்னால் செயலற்றுப் போயின.

பெரிய சாலை வேறு மாதிரி. எதிரே கடற்கரை தெரிகிறது, ஈச்சமரங்கள் தெரிகின்றன, நடுவில் வண்டிகள் பறக்கின்றன. கடக்க வழியே இல்லை. நடைபாலம் தேடி நடந்தேன். அது தெரிந்துகொண்டே இருந்தது, வந்துசேரவில்லை. கடற்கரையைப் பார்த்தபடியே திரும்பி வந்தேன்.

அன்று மாலை வசந்தி என்னைக் கரக் டீ குடித்துவிட்டு வரச்சொன்னாள். ஏலக்காய் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய பால் டீ. கடை முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. யாரும் இறங்குவதில்லை. ஹாரன் அடித்தால் ஓர் ஆள் ஓடிவந்து கேட்டுப் போய், டீயைக் கார் ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். நான் இரண்டு கார்களுக்கு நடுவே நின்றேன். என்னைத் தாண்டித் தாண்டி ஓடினார். ஊரில் டீக்கடையில் நிற்கிறவனுக்குத்தான் முதல் மரியாதை. இங்கே ஹாரன் இல்லாதவன் மனிதனே இல்லை. கடைசியில் ஒருமுறை சத்தமாக இருமினேன். அதற்குத்தான் டீ வந்தது.

இதெல்லாம் வேண்டாம், நாமே ஓட்டிவிடலாம் என்று அடுத்த நாள் முடிவு செய்தேன். ஊரிலேயே இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கி வந்திருந்தேன். முரளியின் பழைய கார் கட்டடத்துக்குக் கீழே நின்றது. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஸ்டியரிங் இல்லை. அது அந்தப் பக்கம் இருந்தது. இறங்கிச் சுற்றிவந்து உட்கார்ந்தேன். இண்டிகேட்டர் போட்டேன், கண்ணாடியில் வைப்பர் ஓடியது. கியரைத் தேடிய இடதுகை கதவில் இடித்துக்கொண்டது. மெதுவாகப் பின்னால் எடுத்தேன். இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டி குறுக்காக நின்றது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் வங்காளதேசத்துக்காரர். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அவரே உட்கார்ந்து ஒரே வளைவில் எடுத்து நிறுத்திவிட்டு, சாவியை என்னிடம் தராமல் மாடிக்குப் போய் வசந்தியிடம் கொடுத்தார்.

இதற்கெல்லாம் பிறகும் மாலை வேளைகளில் நான் வசந்திக்கு டிரைவிங் வகுப்பு எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு மேசையில் தட்டைக் கவிழ்த்து ரவுண்டானா ஆக்கி, டம்ளர்களைக் கார்களாக நகர்த்துவேன்.

"முதல் தடவை பார்க்கிங் பண்ணும்போது வரிசையா வெச்சிருந்த டிரம்முல இடிச்சுட்டேன். ரெண்டாவது தடவை ரவுண்டானாவுல எல்லாரும் போகட்டும்னு நின்னேன், நின்னுக்கிட்டே இருந்தேன். மூணாவது தடவை ஒரு பூனை வந்துச்சு, சடன் பிரேக் போட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த ஆபீசரம்மா பேனா கீழ விழுந்துருச்சு" என்றாள் வசந்தி.

"நீ எதிர்ல வர்ற வண்டியப் பார்க்கக் கூடாது, இடைவெளியத்தான் பார்க்கணும்" என்றேன். எங்கேயோ படித்தது.

"அண்ணே, அந்த டம்ளர் ராங் சைடுல வருது."

அது ஊர் வழக்கப்படி இடப்பக்கம் வந்துகொண்டிருந்தது. இப்படி இரண்டு மாலை நடந்தபின், "நீ டிவி பாருண்ணே, நான் பாத்திரம் கழுவணும்" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பஸ்ஸில்தான் எனக்கு மரியாதை மீண்டது. சிவப்பு நிற பஸ், சுத்தமான இருக்கைகள், ஏறும்போது கார்டைத் தொட்டால் டிக்கெட். மனாமா பஸ் நிலையம் போய், கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வந்தன. அட்டவணை போட்ட முகம் தெரியாத சகோதரனை மனதாரப் பாராட்டினேன். பயணிகளில் பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்கள், மீதி பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ். டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டே வருகிறார்கள், தங்கள் ஸ்டாப் வந்ததும் கண்ணைத் திறக்காமலே பெல்லை அழுத்துகிறார்கள். வீட்டுக்கு வந்து வசந்தியிடம், "டாக்ஸியாம் டாக்ஸி. இந்த ஊர் பஸ் எனக்கு அத்துப்படி" என்றேன்.

வெள்ளிக்கிழமை முரளி இருந்தார். படகுச் சவாரிக்கு அழைத்துப்போனார். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு பழைய கோட்டைக்குப் படகு. காவிரியில் பரிசல் ஏறியவனுக்கு இது என்ன என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். கோட்டை வருவதற்குள் என் முகம் மாறியதைப் பார்த்து ஒரு பிலிப்பினோப் பெண் பாலிதீன் பை ஒன்றை எடுத்துத் தந்தார். திரும்பும்போது யாரும் சொல்லாமலே எனக்குக் கடைசி வரிசையில் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் மூட் மாறட்டும் என்று வசந்தியை சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். கார் ஓட்ட வசதியாக ஒரு தட்டைச் செருப்பு வேண்டும் என்றாள். போட்டுப் பார்க்கும்போது கையிலிருந்த சின்ன பர்ஸை என்னிடம் கொடுத்தாள். நான் அதை என் இடுப்புப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். நான் பொறுப்பானவன். ஜிப் போட்டால் மறுபடி திறப்பதில்லை.

காலையில் அவள் சாப்பிடாமல் சாமி படத்துக்கு முன் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தால் இன்னும் பதட்டமாகிறாள் என்பது எனக்கே புரிந்தது. டிரைவிங் டீச்சர், ஒரு பஹ்ரைனிப் பெண், அவளை வீட்டிலிருந்தே அழைத்துப்போவதாக ஏற்பாடு. "நான் முஹர்ரக் போய் ஊர் பார்த்துட்டு வர்றேன். நீ ஜெயிச்சுட்டு போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முஹர்ரக் என்பது பாலம் தாண்டிப் பக்கத்துத் தீவு. பஸ்ஸில் போனேன். பாலம், கடல், படகு எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே போனேன்.

பழைய கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசைக்காரர் சேமியா உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷமாக அதையே காட்டினேன். வந்தது. சேமியாதான், ஆனால் சர்க்கரையும் ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்ட இனிப்பு. அதன்மேல் ஒரு முழு ஆம்லெட்டைப் போர்த்தியிருந்தார்கள். ஆம்லெட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு பாயசத்தை முதலில் முடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணே, என் பர்ஸு உங்கிட்ட இருக்கா?"

இடுப்புப் பையைத் தடவினேன். இருந்தது.

"அதுக்குள்ளதான் என் சிபிஆர் கார்டு இருக்கு" என்றாள். சிபிஆர் என்பது அங்கே வசிப்பவர்களுக்கான அடையாள அட்டை. அது இல்லாமல் அந்த நாட்டில் ஒரு வேலையும் நடக்காது என்று வந்த முதல் நாளே சொல்லியிருந்தாள். "அது இல்லாம உள்ள விடமாட்டாங்க. நான் டீச்சர் வண்டியில ஈசா டவுன் டெஸ்ட் கிரவுண்டுக்கு வந்துட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "எப்ப உன் முறை?" என்றேன். "சீக்கிரம் கூப்பிட்டுருவாங்க" என்றாள். "நீ பயப்படாதே, பஸ் எனக்கு அத்துப்படி" என்றேன். அந்த நிமிடத்திலும் இதைத்தான் சொன்னேன்.

ஆம்லெட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். முதலில் டாக்ஸியைத் தேடினேன். வந்த இரண்டிலும் ஆள் இருந்தது. ஆப்பில் கார் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால், வீடியோ எடுத்ததில் சார்ஜ் தீர்ந்து அது கண்ணை மூடிவிட்டது. வசந்தியின் நம்பரும் அதற்குள்தான் இருந்தது, எனக்கு மனப்பாடம் இல்லை. சாலையில் பஸ் ஸ்டாப் தெரிந்தது. ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், நீல நிற வேலைச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"தமிழா சார்? இந்த ஸ்டாப்புல மனாமா பஸ்ஸு வருமா?" என்றார்.

சாலையைப் பார்த்தேன். நகரம் எந்தத் திசையில் இருக்கிறது, நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கணக்குப் போட்டேன். இத்தனை வருட அனுபவம். "இங்கதான் வரும்" என்றேன். அப்போதே ஒரு பஸ் வந்தது. "ஏறுங்க, ஏறுங்க" என்று அவரை முன்னால் விட்டு நானும் ஏறினேன்.

அவர் பெயர் பாண்டி, அறந்தாங்கிப் பக்கம். குவைத்தில் மங்காஃபில் பல வருடம் பிளம்பராக இருந்துவிட்டு, போன வாரம்தான் பஹ்ரைன் வந்திருக்கிறார். முஹர்ரக்கில் கேம்ப், மனாமாவில் சைட். காலை வயிற்றுவலி என்று கேம்ப் வண்டியைத் தவறவிட்டவர். அவருக்கு என் கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். பாலம் வரவேண்டும். வரவில்லை. விமானம் ஒன்று மிகத் தாழ்வாக இறங்கியது. பிறகு வீடுகள், மசூதி, மீன்பிடிப் படகுகள். எங்கள் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகும், இங்கே வலப்பக்கம். நகரத்துக்குப் போகும் பஸ் எதிர்ச்சாரியில்தான் நிற்கும். என் கணக்கு திருச்சிக் கணக்கு.

"பாண்டி, இது மனாமா போகாதுபோல."

"நீங்க ஏறுனீங்க சார். அதான் நானும் ஏறுனேன்" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. நடந்ததைச் சொன்னார்.

ஹித் என்ற ஊரில் இறங்கினோம். தெரு முடிவில் கடல் தெரிந்தது. என் மனைவி கேட்ட கேள்வியும் கூடவே வந்தது.

எதிர்ப் பக்கம் ஓடினோம். ஸ்டாப்பில் யாரும் இல்லை. மூலையில் ஒரு கோல்டு ஸ்டோர், அதாவது நம் ஊர் பெட்டிக்கடையின் ஏசி போட்ட அண்ணன். அதன் முன்னால் ஒரு டாக்ஸி. வெள்ளை அங்கி போட்ட ஒரு முதியவர் பானெட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கார் கூரைமேல் செய்தித்தாளில் சுற்றிய சுடச்சுட ரொட்டி. நான் கையெடுத்துக் கும்பிட்டு "ஈசா டவுன், ஈசா டவுன்" என்றேன்.

"ஹலாஸ்" என்றார் அவர். டூட்டி முடிந்தது, வீட்டுக்குப் போகிறாராம்.

பாண்டி முன்னால் வந்து, "ஹாஜி" என்று ஆரம்பித்து அரபியில் ஏதோ சொன்னார். மங்காஃப் அரபி. நடுநடுவே என்னைக் கைகாட்டினார். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனாவது தடவைன்னு கேக்குறாரு சார்."

நான் நாலு விரலைக் காட்டினேன்.

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தன் ஒரு கை விரல்கள் முழுவதையும் விரித்து, மறுகையில் இன்னொரு விரலையும் சேர்த்துக் காட்டினார். "அவரு மக ஆறாவது தடவைதான் பாஸ் பண்ணாளாம்" என்றார் பாண்டி. பெரியவர் ரொட்டியை எடுத்துப் பின்சீட்டில் வைத்துவிட்டு, கிளம்பலாம் என்பதுபோல் "யல்லா" என்றார்.

காரில் ஏறியதும் எனக்கு ஒன்று உறைத்தது. பாண்டியின் சைட் மனாமாவில். அவரை அங்கே விட்டுவிட்டுப் போனால் தேர்வு போய்விடும். நேராகப் போனால் அவர் டூட்டி போய்விடும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதரைக் கையைப் பிடித்துத் தப்பான பஸ்ஸில் ஏற்றியவன் நான்.

"முதல்ல உங்க சைட்டுக்குப் போயிரலாம் பாண்டி" என்றேன். சொல்லும்போது மனதார வேறு பதிலை எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

"வேணாம் சார். லேட்டாப் போனா ஃபோர்மேன் திட்டுவான், அவ்வளவுதான். உங்க தங்கச்சிக்கு வேலையே போயிரும்ல. ஹாஜி, சீதா ஈசா டவுன்" என்று முன்னால் குனிந்து, நேராக அங்கேயே போகச் சொல்லிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹாஜி கார் ஓட்டினார். ஓட்டினார் என்றுதான் சொல்லவேண்டும், அதற்கு வேறு சொல் இல்லை. மாட்டுவண்டி வேகம் என்று சொன்னால் எங்கள் பக்கத்து மாட்டுவண்டிக்காரர்கள் வருத்தப்படுவார்கள். கடல்மேல் நீளமான பாலம், அகலமான சாலை, மற்ற கார்கள் எங்களைத் தாண்டிப் பறந்தன. லாரி தாண்டியது. தண்ணீர் டேங்கர் தாண்டியது. அவர் வலது ஓரத்திலேயே நிதானமாகப் போனார். நான் முன்சீட்டில் காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தேன், ஆக்சிலரேட்டர் அங்கே இருப்பதுபோல. அவர் பின்னால் கையை நீட்டி ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து எனக்குக் கொடுத்தார். கருவாட்டுக் குழம்பு போல வாசம் அடிக்கும் ஒரு மீன் சாந்து அதில் தடவியிருந்தது. பதட்டத்திலும் அது நன்றாக இருந்தது.

"நீ டிரைவரா?" என்று கேட்டதாகப் பாண்டி சொன்னார்.

"இல்ல. டிரைவர்களுக்கு நேரம் சொல்ற வேலை" என்றேன். பாண்டி மொழிபெயர்த்தார். ஹாஜி அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். சிரித்ததில் வண்டி இன்னும் மெதுவானது.

ஈசா டவுனில் தேர்வு மைதானத்தின் வாசலில் இறங்கி ஓடினேன். பர்ஸைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஓடினேன். பெண்கள் காத்திருக்கும் இடத்தில் பலநாட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தி இல்லை. டிரைவிங் டீச்சர் என்னைப் பார்த்து எழுந்து வந்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: அவள் போய்விட்டாள்.

போய்விட்டாள் என்றால் வீட்டுக்குத்தான் என்று நானே எடுத்துக்கொண்டேன். அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பாண்டியும் ஹாஜியும் வந்து பக்கத்தில் நின்றார்கள். எங்கள் அப்பா இறந்தபின் வசந்தியை நான்தான் படிக்கவைத்தேன் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வது என் வழக்கம். படிக்கவைத்தவன், வேலை கிடைக்கும் நேரத்தில் அவள் அடையாளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பாயசம் சாப்பிடப் போயிருந்தேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளைக் கார் வாசலுக்குள் திரும்பி, கோட்டுக்குள் நேராக நின்றது. முன்கதவிலிருந்து சீருடை அணிந்த பெண் அதிகாரி இறங்கினார். டிரைவர் பக்கக் கதவிலிருந்து வசந்தி இறங்கினாள்.

என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள். "எங்கண்ணே போய்த் தொலைஞ்ச?" என்றாள்.

"கார்டு" என்று பர்ஸை நீட்டினேன்.

"அது தேவைப்படல. நம்பர் எனக்கு மனப்பாடம். சொன்னேன், அவங்க கம்ப்யூட்டர்ல தட்டுனதும் என் போட்டோ வந்துருச்சு. உடனே உனக்குத்தான் போன் பண்ணேன், வராத, அங்கேயே சுத்திட்டு வான்னு சொல்ல. சுவிட்ச் ஆஃப். எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா?"

நான் போனை எடுத்துக் காட்டினேன். கருப்பாக இருந்தது.

"நீ எங்க மாட்டிக்கிட்டியோ, எந்த பஸ்ல ஏறுனியோன்னு ஒரே நெனப்பு. ஓட்டும்போது ரோட்டுல ஸ்டாப்புல நிக்கிற ஆளையெல்லாம் நீயான்னு பார்த்துக்கிட்டே ஓட்டுனேன். கண்ணாடியில பார்த்தேன், பிளாட்பாரத்துல பார்த்தேன், ரெண்டு பக்கமும் பார்த்தேன். ஆபீசரம்மா பேனாவைப் பத்தி நினைக்கவே நேரமில்ல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இறங்கும்போது அவங்க சொன்னாங்க, கண்ணாடிய நல்லாப் பாக்குறே, ரோட்டுமேல கவனம் இருக்குன்னு."

"அப்படின்னா?"

"பாஸ்ணே" என்றாள். அதன்பிறகுதான் அழுதாள்.

பாண்டி தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். ஹாஜிக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை, அவருக்கே புரிந்தது. காரிலிருந்து மிச்ச ரொட்டி முழுவதையும் எடுத்துவந்து வசந்தி கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வாங்கிய ரொட்டி. எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கவில்லை. பாண்டியைச் சைட்டில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினார். மாலையில் பாண்டி வசந்தியின் எண்ணுக்குப் போன் செய்தார். ஹாஜி சைட்டுக்குள்ளேயே வந்து, தன் வண்டி வழியில் கெட்டுப்போனதால்தான் இந்த மனிதனுக்குத் தாமதம் என்று ஃபோர்மேனிடம் சத்தம் போட்டுச் சொன்னாராம். ஃபோர்மேன் பதிலுக்கு ஹாஜிக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மீதி நாட்களில் நான் எங்கேயும் தனியாகப் போகவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், சொன்னபோது ஏறினேன். முரளி வந்த வெள்ளிக்கிழமை வசந்தி எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு தெற்கே பாலைவனம் வரை ஓட்டினாள். ரவுண்டானாக்களில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறக்கும்போதெல்லாம் சரியான சாலையில் இருந்தோம்.

நான் ஊர் திரும்பும் நாளும் லேபில் அவள் வேலைக்குச் சேரும் நாளும் ஒன்றாக அமைந்தது. "நான் ஒரு நாள் தள்ளிக் கேக்குறேன், உன்னை ஏர்போர்ட்ல விட்டுட்டுப் போறேன்" என்றாள். முரளி தம்மாமில் இருந்தார். வேண்டாம் என்றேன். விமான நிலைய பஸ் எங்கே நிற்கும் என்று அவளே ஒரு தாளில் படம் வரைந்து, எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, "போயிட்டு போன் பண்ணுண்ணே, சார்ஜ் போட்டுக்கோ" என்று சொல்லி எனக்கு முன்னால் கிளம்பிப் போனாள்.

நான் பெட்டியோடு ஸ்டாப்பில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் முரளியின் பழைய கார் தெருமுனையில் தெரிந்தது. ஏதோ மறந்துபோய் வீட்டுக்குத் திரும்பிவிட்டு மறுபடி கிளம்பியிருக்கவேண்டும். பின்சீட்டில், முந்தின நாளே லேபில் கொடுத்திருந்த, ரத்தக் குப்பிகள் வைக்கும் நீலப் பெட்டி இருந்தது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை, அவள் பார்த்துவிடப் போகிறாளே என்று பாதியில் இறக்கிப் பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஸ்டாப்பின் பக்கம் திரும்பவே இல்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனாள்.